யாருக்கு இந்தச் செய்தி

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு அப்பாக்கள் செருப்பைக் கழற்றினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே காக்கிச் சட்டை, தோளில் ஒரே துண்டு. ஒருவர் நேராக நின்றார். இன்னொருவர் அவர் தோளுக்கு மேலே கொஞ்சம் சாய்ந்து, சுவருக்குள் பாதி புதைந்தாற்போல் நின்றார். நான் ஒரு கண்ணை மூடினேன். ஒருவர் காணாமல் போனார். திறந்தேன், திரும்ப வந்துவிட்டார்.

"இன்னாடா அப்டிப் பாக்கற?" என்றார் அப்பா. எந்த வாயிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும் இப்போது அந்த நாட்கள் கொஞ்சம் பின்னால் போய்விட்டன. நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கென்று இருக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எப்படி இருந்தது, எப்படி இருக்கும். பலருடைய வீட்டில் ஆங்கிலம் படிக்க ஆள் கிடையாது. "தமிழ்ல எழுதிக் குடு தனா, யாராவது படிச்சுச் சொல்லிக்குவாங்க" என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தெளிவாக எழுத முடியுமா என்பதுதான் சந்தேகம். அந்த நாட்களில் எனக்கு எதுவுமே தெளிவாக இருக்கவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில். அப்பாவுக்கு மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை. வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். காலேஜும் முடித்து, ஊரெல்லாம் கால் சென்டர் முளைத்த அந்த வருடங்களில் அப்படி ஒன்றில் சேர்ந்திருந்தேன். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு போனில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வேலை.

கண்ணுக்கு அடுத்தபடியாகக் குரல் போனது. முதல் சில அழைப்புகளில் குரல் சரியாக இருக்கும். போகப் போக மூக்கால் பேசுகிறவன் மாதிரி ஆகிவிடும். சொற்கள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இமைகள் பாதியில் நின்றுவிடும்.

"ஏன் குரு, ஷிஃப்டுக்கு வரும்போதே ஏத்திக்கிட்டு வர்றியா?" என்றார் டீம் லீடர். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் குருதான். குடிப்பதில்லை என்று சொன்னேன். சொன்ன விதம் குடித்தவன் சொன்ன மாதிரியே இருந்தது.

கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி போட்டுவிட்டார்கள். போட்டதும் இரண்டு அப்பாக்களும் துல்லியமாகத் தெரிந்தார்கள்.

காலையில் எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் பெரிய குழப்பம். டாக்டரிடம் காலையில் போனால் ஒன்றுமில்லை என்பார். சாயங்காலம் போனால் தூக்கம் பத்தவில்லை என்பார். கடைசியில் ஒரு டாக்டர் நரம்பு சம்பந்தமாக இருக்கும் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே கூடத்து பெஞ்சில் பாதி நாள். பக்கத்தில் ஹாசனிலிருந்து வந்தவர், எதிரே கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இவருக்கு என்னவோ என்று யோசித்துக்கொண்டிருந்தோம். என் பெயரைக் கூப்பிடும்போது நல்ல வேளையாகச் சாயங்காலம் நெருங்கியிருந்தது.

இளம் டாக்டர், கன்னடக்காரர், தமிழ் தெரிந்தவர். "ஸ்வல்ப மேல பாருங்க. கண்ணு இறக்காம பாத்துட்டே இருங்க" என்றார். பார்த்தேன். இமைகள் தாமாகக் கடை ஷட்டர் மாதிரி இறங்கின. ஒரு ரப்பர் கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு இடது இமைமேல் வைத்தார். எடுத்ததும் அந்த இமை மட்டும் மேலே போயிருந்தது. பிறகு ஒரு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்கள் ஒன்றாயின. கதவோரம் நின்ற இரண்டு அம்மாக்கள் ஒருவரானார்கள்.

"அம்மா" என்றேன். குரல் பழைய குரல்.

"நல்லாயிட்டானே டாக்டர்" என்றாள் அம்மா.

"இல்லம்மா, இது டெஸ்டு. ஊசி இறங்கிட்டா பழையபடி ஆயிடுவார்" என்றார் அவர். அப்படியே ஆனேன். நல்லதைக் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பரிசோதனை அது. அதன் பிறகு கையிலும் முகத்திலும் கம்பி ஒட்டி, சின்னச் சின்ன மின்சார அதிர்ச்சி கொடுத்து, தசை எத்தனை சீக்கிரம் களைக்கிறது என்று அளந்தார்கள்.

நோயின் பெயர் மையஸ்தீனியா கிராவிஸ். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அசை என்று நரம்பு சொல்வதைத் தசை கேட்டுக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. கிருமியை அடிக்க வேண்டிய நம் உடம்பின் காவல்படை ஆள் தெரியாமல் அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. அதனால் வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும். ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறும். கண்ணில் தொடங்கும். விழுங்குவதற்கும் மூச்சுக்கும் போனால்தான் ஆபத்து.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு மாத்திரை, காலையில் ஸ்டீராய்டு. பிறகு மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி. குழந்தையில் பெரிதாக இருந்து வளர வளரச் சுருங்க வேண்டியது, எனக்குச் சுருங்காமல் வீங்கியிருந்தது. நெஞ்சைத் திறந்து அதை எடுத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர்.

"எடுத்தா செரியாயிடுமா?" என்று அப்பா கேட்டார்.

"நெறைய பேருக்கு நல்லாகுது. ஒடனே ஆகாது. ஒரு வருசம், ரெண்டு வருசம்கூட ஆகலாம். சில பேருக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. யோசிச்சிட்டு வாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ படிச்சவன். நீ எப்டி சொல்றியோ அப்டி."

ஒருவன் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்பதை, இரண்டு கடிகாரம் தெரிகிற அந்த ஒருவனே முடிவு செய்ய வேண்டும். என் படிப்பில் இதற்கான பாடம் இல்லை.

மருத்துவமனை நோட்டீஸ் போர்டில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. இதே நோய் உள்ளவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு. எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில், பலகை அடைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து சேர்ந்தேன். திரையைப் பார்க்க எனக்கு ஒரு முறை இருந்தது: இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்வது, வலது இமையை பிளாஸ்திரியால் புருவத்தோடு ஒட்டிக்கொள்வது. சென்டர்காரப் பையன் முதல் நாள் பயந்துவிட்டான்.

சேர்ந்ததும் ஸ்டெல்லா என்பவரிடமிருந்து கடிதம் வந்தது. லிங்கராஜபுரத்தில் இருப்பவர், பள்ளி ஆசிரியை, குழுவை நடத்துகிறவர். "நீ தனி ஆள் இல்லை. எது வேண்டுமானாலும் கேள்" என்று எழுதி, வீட்டு போன் நம்பரும் கொடுத்திருந்தார். கேட்டேன். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அதன் பிறகு எப்படி இருந்தது, செய்துகொள்ளலாமா, மாத்திரையே போதுமா. ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஆங்கிலத்தில், மரியாதையாக எழுதினேன்.

மறுநாள் குழுவிலிருந்த சபாபதி என்பவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் அவர் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு பத்திரிகைச் செய்தி மட்டும் இருந்தது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், முகத்தை ஊதவைக்கும், பல நோயாளிகள் அது இல்லாமலே சமாளிக்கிறார்கள் என்று ஒரு செய்தி.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு அச்சடித்த தாள் வந்தால் அது உத்தரவுதான். ரேஷன், கரண்ட், வீட்டைக் காலி பண்ணு என்ற நோட்டீஸ். காரணமில்லாமல் அச்சடித்த தாளை எங்களுக்கு யாரும் அனுப்பியதில்லை. வந்தால் நான் படிப்பேன், அப்பா அதன்படி செய்வார். அதனால் நான் கேள்வி கேட்டதற்கு மறுநாள் வந்த செய்தியை, என் கேள்விக்கு வந்த பதில் என்றே எடுத்துக்கொண்டேன். யாரோ பெரியவர், வாயால் சொல்லத் தயங்கிப் பேப்பரை அனுப்பிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஸ்டீராய்டைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் அவரே இன்னொன்று அனுப்பினார்: மருந்தைச் சொந்தமாகக் குறைப்பது ஆபத்து. மனசு மாறிவிட்டாரா? அதே நாள் மத்தியானம் மூன்றாவது: சுரப்பியை எடுத்த ஒரு பெண்மணி மலையேறுகிறார். சாயங்காலம் நான்காவது: அந்த ஆபரேஷனால் பயனுண்டா என்று வல்லுநர்களுக்கே சந்தேகம். பிறகு எலிகள், யோகா, ஏதோ ஒரு வேர். நான் கைக்குட்டையை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றிக்கட்டி எல்லாவற்றையும் படித்தேன். இத்தனை பெரிய மனிதர் எனக்காக இத்தனை பாடுபடுகிறாரே என்று நெகிழ்ந்தும் போனேன். ஆனால் அவர் என்னதான் சொல்ல வருகிறார்? முழு மாத்திரை ஒரு நாள், பாதி மாத்திரை இரண்டு நாள் என்று போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் செய்தி வந்துகொண்டிருந்தது. அப்பா தெரு பெருக்கும்போது டாக்டர் படமோ, கண் படமோ போட்ட காகிதம் கிடைத்தால் தட்டி மடித்துக் கொண்டுவருவார். கன்னடம், தமிழ், இங்கிலீஷ், உருது, எதுவானாலும் சரி. சிலதில் போண்டா எண்ணெய் இருக்கும்.

"இத்தப் பாரு தனா. கண்ணு போட்ருக்கு."

"இது ஓசியா கண்புரை ஆபரேஷன் பண்ற கேம்ப்புப்பா. வயசானவங்களுக்கு."

"இது?"

"மை. கண்ணுக்கு வெக்கற மை."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். "யாருக்கு இது? அவனுக்கா, உனுக்கா? அந்தப் புள்ளையே கண்ணத் தொறக்க முடியாம கெடக்குது. அத்தப் படி இத்தப் படின்னா?"

"படம் போட்ருந்துச்சுடி" என்பார் அப்பா. நான் படித்துச் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டார்.

ஒரு காலை அம்மா கொடுத்த காபி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இட்லி தொண்டையில் இறங்காமல் நின்றது. மூச்சு மேலேயே ஓடியது. அப்பா சட்டை மாட்டாமலே ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் என் மோவாயைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே வந்தார், தலை நிற்கவில்லை என்பதால்.

வார்டில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தார்கள். இளம் டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்தார். "ஸ்டீராய்டு செரியா போட்டீங்களா?"

நான் விரலால் பாதி என்று காட்டினேன்.

"யார் சொன்னது?"

தலைமாட்டுப் பையைக் காட்டினேன். நான் அச்செடுத்து வைத்திருந்த செய்திகளை அவர் புரட்டினார். "இதுல பாதி எலிங்க மேல செஞ்சது. நீங்க எலியா?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். ஆனால் நான் உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தேன்.

பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை ஆரம்பித்தார்கள். கழுத்து இரத்தநாளத்தில் குழாய் போட்டு, இரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் அனுப்பி, அதிலுள்ள மஞ்சள் நீரை, அதாவது வாசலை அடைக்கும் காவல்படை மிதக்கிற நீரை, நீக்கிவிட்டு, சிவப்பணுக்களை வேறு நீரோடு உடம்புக்குத் திருப்பிவிடுவார்கள். வலியில்லை. குளிரும், உதடு மரத்துப்போகும். அம்மா என் கால்களைப் புடவைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இது தற்காலிகம்தான். காவல்படை திரும்ப வரும். தேறினதும் ஆபரேஷன் வெச்சிக்கறது நல்லது. வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ்ல பதில் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சம்மதம் சொல்வதா, மறுப்பதா? கண்ணை மூடினால் மலையேறும் பெண்மணியும் சந்தேகப்படும் வல்லுநர்களும் மாறி மாறி வந்தார்கள். ஸ்டெல்லாவின் முதல் கடிதம் அச்செடுத்த தாள் பையில் இருந்தது. அதை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, நம்பரை விரலால் தொட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு எண்ணும் தெரியாது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே டெலிபோன் பூத்துக்குப் போய், பூத்காரரிடம் காட்டி டயல் பண்ணச் சொல்லியிருக்கிறாள். "என் புள்ள இங்க கெடக்கறான், நீங்க பேப்பர் அனுப்புவீங்களாமே" என்று ஆரம்பித்தாளாம்.

மறுநாள் பார்வை நேரத்தில் ஸ்டெல்லா அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும், கையில் பள்ளிக்கூட நோட்டுகள் திணித்த பை. பஸ் மாறி வந்த களைப்பில் இமைகள் பாதி இறங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி தோன்றியது.

"என்னப்பா, யாரு உனக்கு மாத்திரையக் குறைக்கச் சொன்னது?"

"சபாபதி சார்" என்றேன். மூக்கால்தான்.

அவர் முகம் மாறியது. "உன்கிட்ட பேசினாரா?"

பேசவில்லை, பதில் அனுப்பினார் என்று தாள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது உனக்கு வந்த பதில் இல்ல தனா. இது எல்லாருக்கும் வந்தது. நீ சேர்றதுக்கு முன்னாடியும் வந்துச்சு. தினமும் வருது. உன் கேள்விய அவர் பார்த்தாரான்னே தெரியல." தாள்களை அடுக்கி மடியில் வைத்தார். "நானே பார்க்கல."

குழுவில் பலரும் கடிதங்களைத் தனித்தனியாக வாங்குவதில்லை. ஒரு நாளின் கடிதங்களைக் கட்டாகக் கட்டி ஒரே கடிதமாக வாங்குவார்கள். அன்றைய கட்டில் முன்னாலும் பின்னாலும் செய்திகள், நடுவில் என் கேள்வி. எல்லோரும் இன்றைக்கும் பேப்பர்தான் என்று மூடிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கென்று நினைத்தது எனக்கு இல்லை. அப்படியானால் எனக்கென்று யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள்?

"அவர நிறுத்தச் சொல்லலாமே" என்றாள் அம்மா.

"சொல்லிப் பார்த்தாச்சும்மா" என்றார் அக்கா. முதலில் தலைப்பிலேயே செய்தி என்று போடச் சொன்னார்களாம். பழையவர்களுக்கு அது போதும், புதியவனுக்கு என்ன புரியும்? சனிக்கிழமை மட்டும் என்றார்களாம்; சனிக்கிழமை மூட்டையாக வந்து இறங்கியது, ஞாயிற்றுக்கிழமை யாரும் கடிதப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு தடவை செய்தியே கூடாது என்று நிறுத்தினார்களாம். "குழு செத்த மாதிரி ஆயிடுச்சு. தன் ஒடம்பப் பத்தி எழுதக் கூச்சப்படறவங்க, பேப்பர அனுப்பித்தான் நான் இருக்கேன்னு சொல்றாங்க. அதையும் நிறுத்திட்டா அவங்க எங்க போவாங்க? இப்ப சில பேர் அவர நீக்கணும்கறாங்க. சில பேர், பிடிக்கலன்னா படிக்காத, செய்தி போடறது தப்பான்னு கேக்கறாங்க. எனக்கே மண்டை காயுது."

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து வந்தார். ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். ஸ்டெதஸ்கோப் மாட்டிய டாக்டர் படம். எழுதியிருந்தது கன்னடத்தில். அக்கா வாங்கிப் படித்து, "இது சர்க்கரை வியாதிக்குங்க" என்றார்.

"யாருக்கு இதுன்னு கேட்டுக்கினே இருக்கேன், இந்தாளு காதுல விழுந்தாத்தானே" என்றாள் அம்மா.

"வெறுங்கையோட எப்டி வர்றது?" என்றார் அப்பா.

ஸ்டெல்லா அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "நீ சொல்லு. அவர நீக்கலாமா?" என்று கேட்டார்.

என்னைப் படுக்கவைத்தது அந்தத் தாள்தான். ஆனால் அப்பாவை வார்டு வாசலில் நிறுத்தி, காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வா என்று சொன்னால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. "நீக்க வேணாம்க்கா" என்றேன். "அம்மா கேக்கற மாதிரி, யாருக்கு இதுன்னு கேளுங்க."

அன்றே அக்கா குழுவுக்கு எழுதினார். செய்தி அனுப்பலாம், எந்த நாளும் அனுப்பலாம். ஆனால் முதல் வரியில் இன்று உங்கள் உடம்பு அல்லது உங்கள் வீட்டு நோயாளியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று இருக்க வேண்டும். இரண்டாம் வரியில் இந்தச் செய்தி யாருக்காக, ஏன் என்று இருக்க வேண்டும். அதன் பிறகுதான் செய்தி. கேள்வி ஒன்று பதிலில்லாமல் இருக்கும்போது அதற்குப் பதில் போகும்வரை செய்தி காத்திருக்கும். கூடவே என் கேள்வியையும் மறுபடி எழுதி, இவன் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்திருந்தார்.

பெட்டி வெறிச்சோடியதாம். சபாபதி சாரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் அக்கா நினைத்தார். வியாழக்கிழமை ஒரு அச்சுத்தாளோடு வார்டுக்கு வந்தார். "நீயே படி" என்றார்.

அம்மா என் இமையைப் பிளாஸ்திரி ஒட்டித் தூக்கிவிட்டாள். படித்தேன்.

"என் மனைவி இன்று நன்றாகத் தூங்கினாள். இது தனசேகருக்காக. அவளுக்கு அந்த ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதியதேயில்லை. செய்தி எதுவும் இணைக்கவில்லை. நேரில் வரலாமா?"

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று நான் கேட்ட கேள்விக்குப் பதில், அந்தக் கேள்வியைச் செய்திகளுக்குள் புதைத்தவர் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அன்று மாலையே இருவரும் வந்துவிட்டார்கள். சபாபதி சார் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கக்கத்தில் தடிமனான ஃபைல். அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து நேராக என் தலைமாட்டில் உட்கார்ந்தார். தலைமுறைகளாக இந்த ஊரில் இருப்பவர்கள். பாதிப் பேச்சில் கன்னடம் வரும்.

"தம்பி, நான் உங்களுக்கு அனுப்பலப்பா" என்றார் சார். "நான் யாருக்கும் அனுப்பல. அனுப்பினேன், அவ்ளோதான். யாரோ ஒருத்தர் அத ஆர்டர்னு எடுத்துப்பாங்கன்னு…" ஃபைலைத் திறந்து பழுப்பேறிய ஒரு துண்டை எடுத்தார். "இவளுக்கு வந்தப்ப இந்த வியாதி பேர்கூடத் தெரியாது. மனசு சரியில்லன்னாங்க. பேப்பர்ல இந்தத் துண்டு வந்துச்சு. இமை இறங்கும், குரல் மாறும்னு. கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டினேன். இது இல்லேன்னா இவ இல்ல."

"ஹௌது, ஒரு துண்டு என்னைக் காப்பாத்துச்சு" என்றார் ராஜேஸ்வரி அம்மா. "அதுக்காக தினம் பத்துத் துண்டா? வீட்ல நான் வாயத் தொறந்தா, சும்னே இரு, படிச்சிட்டு இருக்கேன்னுவாரு. என் வியாதியப் படிக்கறதுக்கு என்னையே பேச விடமாட்டாரு."

அப்பா சிரித்துவிட்டார். சபாபதி சாரும் கொஞ்சம் சிரித்தார்.

"ஆபரேஷன்?" என்றேன் நான்.

ராஜேஸ்வரி அம்மா புடவைத் தலைப்பைக் கொஞ்சம் நகர்த்தி, கழுத்தடியில் தொடங்கும் வெள்ளைக் கோட்டை அம்மாவுக்குக் காட்டினார். "தொட்டுப் பாருங்க." அம்மா தொட்டாள். "முடிச்சதும் ரொம்ப நாளைக்கு ஒண்ணுமே மாறல தம்பி. எதுக்கு அறுத்தோம்னு வீட்ல ஒரே சண்டை. இவரு என்கூடப் பேசறத விட்டுட்டு பேப்பரோட பேச ஆரம்பிச்சது அப்பத்தான். அப்புறம் ஒரு நாள் கோடுபளே தின்னுட்டு இருந்தேன். பாதியில தாடைய கையால தாங்கணும், அது வழக்கம். அன்னைக்கு முழுசும் தின்னு முடிச்சப்புறம்தான் தாங்கவேயில்லன்னு தெரிஞ்சது."

தூக்கைத் திறந்தார். வளையம் வளையமாகக் கோடுபளே, முறுக்கைவிடக் கெட்டி. ஒன்றை எடுத்துக் கடித்தார். வார்டு முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் அவர் தாடையையே பார்த்தோம். மென்று முடித்தார்.

"இப்பவும் மாத்திரை இருக்கு. களைச்சா இமை இறங்கும். ஆபரேஷனால நல்லாச்சா, மாத்திரையால நல்லாச்சா, யாரும் சொல்லமாட்டாங்க. நான் உன்ன செய்துக்கோன்னு சொல்லல. எனக்கு இப்படி ஆச்சு. அவ்ளோதான்."

அதில் புதிதாக ஒன்றுமில்லை. டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். செய்திகளிலும் இதெல்லாம் எங்கோ இருந்திருக்கும். ஆனால் இது எனக்கென்று சொல்லப்பட்டது. குழப்பம் போகவில்லை. அதோடு இருக்கலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சரி என்றேன். சம்மதப் படிவம் வந்ததும் அப்பா தன் கட்டை விரலை மையில் தோய்த்துக்கொண்டு, "எங்க வெக்கணும், காட்டு" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கோடுகள் தெரிந்தன, ஒன்றின்மேல் போட்டேன். அது சரியான கோடுதான் என்று நர்ஸ் சொன்னார்.

ஆபரேஷன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. விழித்தபோது தொண்டையில் குழாய், மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. பேச முடியாது, பயமாக இருந்தது. யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பயம் குறையும், இதைப் படிக்கிற வீட்டுக்காரர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குழாயை எடுத்த பிறகு இருமல்தான் பெரிய எதிரி. ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். தும்மல் வந்தால் அம்மா ஓடிவந்து தலையணையை அழுத்துவாள். எலும்பு சேரும்வரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. எங்கள் சந்தில் தண்ணீர் வரும் நாளெல்லாம் பக்கத்து வீட்டார் எங்கள் குடத்தையும் நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன், போனில் பேசும் வேலை இல்லை, எழுதும் வேலை. குழுவில் இப்போது புதியவர்களின் கேள்விகளைத் தேடி எடுத்து மேலே வைப்பது என் பொறுப்பு. செய்தி இன்னமும் வருகிறது. சபாபதி சார் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அனுப்புகிறார். முதல் வரி சில நாள் செய்தியைவிட நீளமாக இருக்கிறது. சில நாள் முதல் வரியைப் பார்த்தால் ராஜேஸ்வரி அம்மா பக்கத்தில் நின்று சொல்லி எழுதவைத்தார் என்று தெரியும். இந்த ஏற்பாடு பிடிக்காமல் சிலர் விலகியும் போனார்கள். அவர்கள் எங்கே கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று சில நேரம் யோசிப்பேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு பெரியவர் படம், சிரித்துக்கொண்டு.

"காது மிஷின் விளம்பரம்ப்பா."

"காதுக்கா." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ இது எங்க மேஸ்திரிக்கு. லீவு கேட்டா அவனுக்குத்தான் கேக்கறதே இல்ல."

அடுப்படியில் அம்மா சிரித்தாள். அப்பா காகிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அப்போது அவர் கைக்குப் பின்னால் இன்னொரு கை, மெல்லிய விளிம்பாக, கூடவே போய் வந்தது. மாத்திரை நேரம் தாண்டிவிட்டதா, நான் களைத்திருக்கிறேனா, இல்லை அதுதான் திரும்ப வருகிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று குழுவுக்கு நான் எழுத வேண்டிய முதல் வரி அதுதான் என்று மட்டும் தெரிந்தது.